மாத்திரை கரைகிறதா? ஒரு சின்னச் சோதனையின் பெரிய கதை

எங்கள் ஊர் தேவிபட்டினம். ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கல்லூரி நண்பர்கள் "நவபாஷாணம் இருக்கிற ஊர்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், அதேதான். கரையை ஒட்டிக் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமர் இலங்கைக்குப் போகும் முன் நவக்கிரகங்களாக வைத்து வழிபட்டவை என்பது ஐதீகம்.

பாஷாணம் என்ற சொல்லுக்குக் கல் என்றும் பொருள் உண்டு, விஷம் என்றும் பொருள் உண்டு. பழனி முருகன் சிலையைப் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்றும், அதன் மேல் ஊற்றும் பாலில் அந்த மருந்துச் சத்து இறங்குகிறது என்றும் நம்புகிறார்கள். நம்பிக்கையின் உண்மை பொய்க்குள் நான் போகப் போவதில்லை. ஆனால் அதற்குள் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. மருந்து கல்லாகவே இருந்தால் பயனில்லை. அது எதிலாவது கரைந்து இறங்கினால்தான் உடம்புக்குப் போய்ச் சேரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் சோதனை எப்படி வந்தது, அந்தச் சோதனையை நம்பலாமா என்று எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே விஷயம்.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். சில வருடங்களுக்கு முன் அவருக்கு டி.பி. வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி இருந்தது. மருந்து கொடுத்த இடத்தில், "ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். "நானேதான் தம்பி கையில வச்சுக் கொடுத்தேன். ஒண்ணுக்குக்கூட செவப்பாப் போச்சு. மருந்து கேக்கலன்னா நாங்க என்ன செய்ய?"

அவர் சொன்ன சிவப்பு உண்மையான சாட்சி. ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்து சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக மாற்றும். அதாவது மாத்திரை உள்ளே போயிருக்கிறது, அதில் கொஞ்சமாவது இரத்தத்தில் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்தது என்பதை மட்டும் நிறம் சொல்லாது. அவர் விஷயத்தில் மாத்திரைதான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி, சர்க்கரை நோய், குடல் கோளாறு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நோயாளியின் மேல் சந்தேகம் வந்ததே, அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு நம் சென்னையிலேயே தொடங்குகிறது.

சென்னை, 1956: சாப்பிட்டாரா இல்லையா?

1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையத்துக்கு இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று வேண்டும் என்பதே வழக்கம். ஏழைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்? சென்னை மையம் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குடிசையில் இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் டி.பி. சிகிச்சை முறை இதனால் மாறியது.

வீட்டில் மருந்து கொடுத்தால் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரியும்? இதற்காக அந்த மையத்தினர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பது தெரிந்தது. அதனால் கண் முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் அங்கேயே சோதித்து 1964-ல் வெளியிட்டார்கள். பின்னாளில் உலகம் முழுக்க 'டாட்ஸ்' என்று பெயர் பெற்ற முறைக்கு இது ஒரு முன்னோடி.

ஆக அன்றைய கேள்வி, மாத்திரை நோயாளியின் வாய்க்குள் போனதா என்பது. மிகவும் நியாயமான கேள்விதான். ஆனால் வாய்க்குள் போன மாத்திரை மருந்தை வெளியே விட்டதா என்பது வேறு கேள்வி. அது பரவலாகக் கேட்கப்பட இன்னும் சில வருடங்கள் ஆயின.

கரைதலின் கணக்கு

விஞ்ஞானத்தில் இந்தக் கேள்வி பழையது. 1897-ல் அமெரிக்காவில் ஆர்தர் நோயஸ், வில்லிஸ் விட்னி என்ற இருவர், ஒரு திடப்பொருள் தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளந்தார்கள். பென்சாயிக் அமிலத்தையும் லெட் குளோரைடையும் உருளைகளாக்கித் தண்ணீரில் சுழலவிட்டுப் பார்த்தார்கள். மருந்தை அவர்கள் நினைக்கவே இல்லை. அவர்கள் கண்ட விதி எளிமையானது: தண்ணீர் இன்னும் எவ்வளவு கரைசலைத் தாங்குமோ அதற்கு ஏற்ப வேகம் இருக்கும், தண்ணீர் நிறைய நிறைய வேகம் குறையும்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வாலிநோக்கம் உப்பளம் போதும். உப்பு படியத் தொடங்கிய பாத்தியில் இன்னொரு பிடி உப்பைப் போட்டுப் பாருங்கள், அது அப்படியே கிடக்கும். அதே பிடியை நல்ல தண்ணீர்க் குடத்தில் போட்டால் மாயமாகிவிடும்.

மருந்துத் துறையில் முதலில் வந்தது மாத்திரை உடைகிறதா என்ற சோதனை. தண்ணீரில் மேலும் கீழும் ஆட்டி, எத்தனை நிமிடத்தில் பொடிப்பொடியாகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்க மருந்து நூல் 1950-ல் இதைச் சேர்த்தது. (ஃபார்மகோபியா என்பதைத்தான் மருந்து நூல் என்கிறேன். ஒவ்வொரு மருந்தும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்ட நூல்.) உடைந்தால் கரைந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் கருங்கல்லை உடைத்தால் ஜல்லி வரும், கரைசல் வராது. மாத்திரை பொடியான பிறகும் அந்தப் பொடிக்குள் மருந்து அடைபட்டுக் கிடக்கலாம்.

இதை இரண்டு சம்பவங்கள் உரக்கச் சொல்லின. 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தை வழக்கமான அளவில் சாப்பிட்டு வந்தவர்களுக்குத் திடீரென்று தள்ளாட்டமும் மயக்கமும் வந்தன. மருந்தின் அளவு மாறவில்லை. காப்சூலில் இடத்தை நிரப்பச் சேர்க்கும் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். அதனால் மருந்து முன்பைவிட அதிகமாக இரத்தத்தில் ஏறிவிட்டது. 1971-ல் அமெரிக்காவில் டிகாக்சின் என்ற இதய மருந்தைச் சோதித்தபோது, ஒரே அளவு மருந்து என்று எழுதியிருந்த வெவ்வேறு தயாரிப்புகள் இரத்தத்தில் தந்த அளவு ஏழு மடங்குவரை வேறுபட்டது. டிகாக்சினில் பலனுக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதை நினைத்துப் பாருங்கள்.

சீட்டில் எழுதியிருக்கும் மில்லிகிராம் மாத்திரைக்குள் இருப்பதைச் சொல்கிறது. உடம்புக்குக் கிடைப்பதை அது சொல்வதில்லை. இது புரியத் தொடங்கிய காலத்திலேயே சோதனை சட்டமானது. 1970-ல் அமெரிக்க மருந்து நூல் 12 மருந்துகளுக்குக் கரைவுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்போதைய கருவி ஒரு சின்னக் கம்பிவலைக் கூடை. 1978-ல் துடுப்பும் சேர்ந்தது.

கூடையும் துடுப்பும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான இரண்டு சாமான்கள்தான் :-)

அடி உருண்டையான ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதில் பெரும்பாலும் 900 மில்லி திரவம். வயிற்றுக்குப் பதிலாக நீர்த்த அமிலம், அல்லது குடலுக்குப் பதிலாக வேறொரு கரைசல். உடம்பின் சூடான 37 டிகிரி, அதில் அரை டிகிரிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. மாத்திரையைக் கூடைக்குள் வைத்துச் சுழற்றலாம். அல்லது அடியில் போட்டுவிட்டு மேலே துடுப்பைச் சுழற்றலாம், நிமிடத்துக்கு 50 அல்லது 75 சுற்று. குறித்த நேரத்தில் கொஞ்சம் திரவத்தை எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

900 மில்லி எதற்கு? மேலே சொன்ன உப்பளம்தான் காரணம். தண்ணீர் குறைவாக இருந்தால் அது நிறைந்துபோய், நல்ல மாத்திரைகூடக் கரையாதது போலத் தெரியும்.

ஆறு மாத்திரைகளை ஒரே சமயத்தில் சோதிப்பார்கள். 45 நிமிடத்தில் 75 சதவீதம் கரைய வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். ஆறும் தனித்தனியே 80 சதவீதத்தைத் தொட்டால் தேறியது. இல்லையென்றால் இன்னும் ஆறு. பன்னிரண்டின் சராசரி 75-க்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 60-க்குக் கீழே போகக் கூடாது. அதிலும் தேறாவிட்டால் இன்னும் பன்னிரண்டு சோதிக்கக் கடைசி வாய்ப்பு உண்டு.

தமிழ் இலக்கண வகுப்பில் மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று படித்திருப்பீர்கள். மருந்து மாத்திரையையும் கடைசியில் நேரத்தை வைத்துத்தான் அளக்கிறோம் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம்.

மறுபடியும் டி.பி.க்கு வருவோம்

ரிஃபாம்பிசின் 1960-களின் கடைசியில் பயன்பாட்டுக்கு வந்தது. டி.பி. சிகிச்சை ஆறு மாதமாகக் குறைய அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் தனியாக ஒரே மருந்தைச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும். நோயாளி ஒன்றை விட்டு ஒன்றைச் சாப்பிடாமல் இருக்க, ரிஃபாம்பிசினையும் ஐசோநியாசிட் போன்ற மற்ற மருந்துகளையும் ஒரே மாத்திரையில் கலந்தார்கள். இதைக் கூட்டு மாத்திரை என்று சொல்லலாம். நல்ல யோசனை. ஆனால் 1980-களில் கூட்டு மாத்திரைகளை மனிதர்களிடம் சோதித்தபோது, சிலவற்றில் ரிஃபாம்பிசின் இரத்தத்தில் போதிய அளவு வரவில்லை.

1990-ல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே வாலஸ் ஃபாக்ஸ். சென்னையில் நோயாளி மருந்தைச் சாப்பிட்டாரா என்று எண்ணிப் பார்த்த மனிதர், முப்பது வருடம் கழித்து மாத்திரை மருந்தைக் கொடுக்கிறதா என்று கேட்டார். 1994-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச காசநோய் ஒன்றியமும், தரம் நிரூபிக்கப்பட்ட கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கூட்டாக அறிவித்தன.

சென்னை மையமும் இதில் இறங்கியது. மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையைக் கொடுத்து, இரத்தத்தில் வரும் அளவையும் சிறுநீரில் வரும் அளவையும் ஒப்பிட்ட ஆய்வை 1999-ல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப ஊசி குத்தாமல் சிறுநீரை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தால் எவ்வளவு வசதி! ஒரு காலத்தில் நோயாளியைச் சோதித்த சிறுநீர் இப்போது மாத்திரையைச் சோதிக்க வந்தது.

சோதனையே ஏமாந்தால்?

அதே 1999-ல் அகமதாபாத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ரிஃபாம்பிசின் அமிலத்தில் கரையும், ஆனால் அங்கேயே மெல்லச் சிதையவும் செய்யும். பக்கத்தில் ஐசோநியாசிட் இருந்தால், சிதைந்து வந்த பொருளோடு அது கைகோத்துக்கொள்வதால் சிதைவு வேகமாகும். 45 நிமிட அமிலச் சோதனையில் ரிஃபாம்பிசின் தனியாக இருக்கும்போது சுமார் 12 சதவீதமும், ஐசோநியாசிட்டோடு இருக்கும்போது சுமார் 21 சதவீதமும் சிதைவதாக அவர்கள் கண்டார்கள்.

இதில் சோதனை எங்கே ஏமாறுகிறது? திரவத்தின் நிறத்தை வைத்து அளந்தால், சிதைந்த பொருளின் நிறமும் ரிஃபாம்பிசினின் கணக்கில் சேர்ந்துவிடும். கருவி "எல்லாம் கரைந்துவிட்டது" என்று சொல்லும். கரைந்ததில் ஒரு பங்கு மருந்தாகவே இல்லை என்பது தெரியாது. எங்கள் தெருப் பாட்டி பார்த்த சிவப்பைப் போலத்தான் இதுவும். நிறம் உண்மை, அளவு தெரியாது.

அதனால்தான் சோதனையையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. மருந்துத் துறையில் இதற்கு வேலிடேஷன் என்று பெயர். பரீட்சைக்கு நிறைய மனப்பாடம் செய்வோம், ஆனால் விஷயம் சில எளிய கேள்விகள்தான்:

- அளக்கும் முறை மருந்தை மட்டும் அளக்கிறதா, கூட இருப்பதையும் சேர்த்து அளக்கிறதா? (ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், சிதைந்த பொருள் மூன்றையும் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி இதற்காகத்தான்.)
- தெரிந்த அளவு மருந்தை நாமே போட்டால், அதே அளவு திரும்பக் கிடைக்கிறதா?
- இன்று நான் செய்தாலும் நாளை நீங்கள் செய்தாலும் அதே விடை வருகிறதா?
- எடுத்து வைத்த திரவம், அளக்கும் வரை கெடாமல் இருக்கிறதா?
- கெட்ட மாத்திரையைப் போட்டால் கெட்டது என்று சொல்கிறதா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாரையும் பாஸ் போடும் வாத்தியார் நல்லவர்தான், ஆனால் அவர் போட்ட மார்க்கை வைத்து யாரையும் டாக்டராக்க முடியாது. துடுப்பை மிக வேகமாகச் சுழற்றினால் மோசமான மாத்திரையும் கரைந்துவிடும். அதனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டும் வேகத்தையும் திரவத்தையும் தேடிக் கண்டுபிடிப்பதே இந்த வேலையில் பாதி.

கருவியும் ஏமாற்றும். திரவத்தில் கரைந்திருக்கும் காற்று, குமிழியாக மாத்திரையில் ஒட்டினால் கரைதல் குறையும், சில சமயம் மாத்திரை மிதக்கவும் செய்யும். அதனால் முதலில் காற்றை நீக்குகிறார்கள். மேசை அதிர்ந்தாலோ, துடுப்பின் தண்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ விடை மாறும். ஊருக்கு ஊர் வழக்கும் மாறும். அமெரிக்க நூலில் கூடை 1, துடுப்பு 2. இந்திய மருந்து நூலின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் துடுப்பு 1, கூடை 2. "ஒன்றாம் நம்பர் கருவி" என்று மட்டும் சொன்னால் எந்த நூலின் ஒன்று என்று கேட்க வேண்டும்.

நம் நாட்டில்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. கிடங்குக்கு வரும் மருந்தில் தொகுதி தொகுதியாக மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை அங்கே உண்டு. பரீட்சைப் பேப்பரில் பெயருக்குப் பதில் டம்மி நம்பர் போடுவது போல. இந்தக் கழகத்தைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இப்படி அமைத்தன.

சட்டத்தில் பெரிய மாற்றம் வந்தது 2017 ஏப்ரலில். மருந்துகளைக் கரையும் தன்மை, குடலைக் கடக்கும் தன்மை ஆகிய இரண்டையும் வைத்து நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை 1995-ல் கார்டன் அமிடான் குழுவினர் முன்வைத்தார்கள். அதில் சரியாகக் கரையாத 2, 4-ஆம் வகுப்பு மருந்துகளைத் தயாரிக்க உரிமம் கேட்பவர், தன் தயாரிப்பு மூல மருந்துக்குச் சமமாக உடம்பில் சேர்கிறது என்று காட்ட வேண்டும் என இந்தியா விதித்தது. ரிஃபாம்பிசின் 2-ஆம் வகுப்பு. அதே 2017-ல்தான் தேசிய காசநோய்த் திட்டமும் வாரம் மூன்று நாள் மருந்திலிருந்து தினசரிக் கூட்டு மாத்திரைக்கு நாடு முழுவதும் மாறியது. இப்போது பெரியவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தரும் மாத்திரை ஒன்றில் நான்கு மருந்துகள் இருக்கின்றன. அதாவது கரைவுச் சோதனை இன்று முன்னெப்போதையும்விட முக்கியம்.

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். கரைவுச் சோதனையில் தேறவில்லை என்பது அதில் அடிக்கடி வரும்.

டம்ளர் சோதனை வேண்டாம்

கடைசியாக ஒன்று. மாத்திரையைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, "பார், கரையவே இல்லை, போலி" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டம்ளர் தண்ணீரில் வயிற்றின் சூடும் இல்லை, அமிலமும் இல்லை, அசைவும் இல்லை. வயிற்றில் கரையாமல் குடலில் கரைய வேண்டும் என்றே பூச்சு போட்ட மாத்திரைகளும் உண்டு. இதைப் பார்த்து யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக டி.பி. மருந்தை. பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி வலுத்துத் திரும்பி வரும். ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் நன்றாக உடம்பில் சேரும் என்பதால், எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது.

எங்கள் தெருப் பெரியவரை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். சளியை மறுபடி சோதித்து, மருந்தை மாற்றி, தேறி வந்துவிட்டார். எது காரணம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்த ஒரு டாக்டர், "ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பாட்டி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் பல. நோயாளி சாப்பிட்டாரா என்பது அவற்றில் ஒன்றுதான். மாத்திரை கரைந்ததா, கரைந்தது மருந்துதானா, அதை அளந்த சோதனை சரியா என்பவையும் அந்த வரிசையில் உண்டு. நாளை நம் வகுப்பில் பலர் ஆய்வகத்தில் துடுப்புக்கு முன்னால் நிற்கப் போகிறோம். ஆறு பாத்திரங்களில் எண்களை எழுதும்போது, அந்த மாத்திரையை யாரோ ஒரு பாட்டி கையில் வைத்துக் கொடுக்கப் போகிறார் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.